பட்டியல் தெரிகிறது, பாட்டு புரியவில்லை

"இலக்கியத்தின் அடிப்படைக் கூறுகள் எவை?" என்றுதான் உங்கள் கேள்வி ஆரம்பிக்கிறது. ஆனால் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. 11ஆம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்புலம், நோக்குநிலை, நடை, உத்தி என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வரி எழுத வரவில்லை. தேவகோட்டையில் இருக்கிறோம், வீட்டில் தமிழ் படித்தவர்கள் யாரும் இல்லை, நான் எப்படி உதவுவது என்று கேட்கிறீர்கள். பட்டியல் அவளிடம் ஏற்கெனவே இருப்பதால் அதையே நானும் எழுதிப் பயனில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். முதல் சில ஆண்டுகள் நானும் கரும்பலகையில் வரையறைகளை எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுத வைத்து, மறுநாள் ஒப்பிக்கச் சொன்னவள்தான். ஒரு தேர்வில் ஒரு தாலாட்டைக் கொடுத்து, "இதில் பேசுவது யார்?" என்று கேட்டிருந்தேன். அதே தாளில் நோக்குநிலைக்கு வரையறையைச் சொல் பிசகாமல் எழுதிய ஒரு பெண், இந்தக் கேள்விக்கு "ஆசிரியர்" என்று எழுதிவிட்டாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் அம்மா அவள் கண்ணில் படவே இல்லை. அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நோக்குநிலை என்ற சொல்லைக் கொடுத்தேன். அதைக் கேள்வியாகக் கேட்கக் கொடுக்கவில்லை. அதன் பிறகு வகுப்பை அந்தத் தாலாட்டிலிருந்தே தொடங்க ஆரம்பித்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வடிவத்தில் பாடுவதுதான். "ஆரடிச்சு நீயழுதே, அடிச்சாரைச் சொல்லியழு" என்று வரும். அப்புறம் "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே" என்று வரும். பேசுவது யார்? அம்மா. யாரிடம் பேசுகிறாள்? பிள்ளையிடம். சரி, அந்தப் பிள்ளைக்குப் பேச்சு புரியுமா? புரியாது. அப்படியானால் வேறு யார் காதில் விழுகிறது? இங்கே வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வீட்டுல இருக்கிற எல்லார் காதுலயும் விழும் டீச்சர்" என்று வரும். வீட்டு உள்முற்றமான வளவில் தொட்டில் கட்டியிருக்கிறது, கூடமான பட்டாலையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார், வாசல் பக்கத்து முகப்பில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் நேராகச் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். பேசுபவர், கேட்பவர், ஒட்டுக் கேட்பவர், இடம் என்று நான்கு கூறுகள் அந்த இரண்டு வரியில் வந்துவிட்டன. ஒரு வரையறையும் தேவைப்படவில்லை.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் பழக்கிவிடுவேன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, நாமாக ஊகிப்பது எது என்று பிரிப்பது. மாமனுக்கு மல்லிகையும் அத்தைக்கு அரளியும் ஏன் வந்தன என்று கேட்டால், புத்திசாலிப் பிள்ளைகள் உடனே "அரளி விஷம், அதனால் நாத்தனார் மேல் இருக்கிற கோபம்" என்பார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமன், மல்லிகை, அத்தை, அரளி, பாட்டி என்று வந்தால் அங்கே "பால் போட்டும் (புகட்டும்) கையாலே" என்று வரும். முதலெழுத்து முதலெழுத்தோடு சேர்கிறது. அது மோனை. ஓசைக்காக வந்த பூ என்பது உறுதி, ஏனென்றால் அது எல்லா வரியிலும் நடக்கிறது, காதால் கேட்கலாம். விஷம் என்ற பொருளும் சேர்ந்து வந்ததா என்பது ஊகம். ஊகம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். "அரளி நஞ்சுள்ள செடி என்பதால் இப்படியும் கொள்ள இடமிருக்கிறது" என்று எழுதட்டும். அதை உறுதிபோல எழுதும்போதுதான் தவறு வருகிறது. ஓசை ஒரு கூறு, பொருள் ஒரு கூறு, இரண்டும் ஒரே பூவில் எப்படி வந்து முட்டிக்கொள்கின்றன என்று அவள் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கேள்விகள் நான் கண்டுபிடித்தவை இல்லை. உங்கள் மகள் ஒப்பிக்கும் பட்டியல் பெரும்பாலும் மேல்நாட்டுத் திறனாய்விலிருந்து வந்தது. அது பயனுள்ளதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் இதற்கு ஒரு பழைய பட்டியல் உண்டு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் 9 இயல்கள். அதில் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர், அடி என்று ஓசையில் தொடங்கும் அந்த வரிசை, நடுவில் திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்று போகிறது. கூற்று என்றால் யார் பேசுகிறார். கேட்போர், யாரிடம். களன், எங்கே. காலம், எப்போது. பயன், எதற்காக. மெய்ப்பாடு, என்ன உணர்ச்சி. தொல்காப்பியத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு, நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் சொல்வார்கள். ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும், ஒரு பாட்டில் பேசுபவரும் கேட்பவரும் தனித்தனிக் கூறுகள் என்று நம்மவர்கள் மிகப் பழைய நாளிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு மாணவிக்கு முதல் ஆண்டில் இந்த ஆறே போதும். மீதி எல்லாம் இவற்றின் பின்னாலேயே வந்துவிடும்.

இதை வைத்து ஒரு பாட்டை முழுதாகப் பார்ப்போம். பிரான்மலைக்குப் போயிருப்பீர்கள், சிங்கம்புணரிப் பக்கம். பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான் என்பது பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட கருத்து. அந்தப் பாரியின் மகள்கள் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. ஐந்தே அடி:

"அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே."

போன மாதம் அந்த வெண்ணிலவில் எங்கள் அப்பா எங்களுக்கு இருந்தார், எங்கள் மலையைப் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதம் இந்த வெண்ணிலவில், வென்று முரசு அறையும் வேந்தர்கள் எங்கள் மலையைக் கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. பொருள் இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு "அவலச்சுவை ததும்பும் பாடல்" என்று முடித்துவிட்டால் உங்கள் மகள் மறுபடியும் "நல்லா இருக்கு" என்ற இடத்துக்கே வந்து சேர்வாள்.

காலம் என்ற கூறை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டில் இரண்டு இரவுகள் இருக்கின்றன, நடுவில் ஒரு மாதம். தந்தையின் சாவு, மலை பறிபோனது எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்தன, அவற்றில் ஒன்றைக்கூடப் பாட்டு காட்டவில்லை. மாறாமல் இருப்பது நிலவு மட்டும். அதையும் "அற்றை, இற்றை", "அவ்வெண்ணிலவு, இவ்வெண்ணிலவு" என்று ஒரே ஒரு உயிரெழுத்தை மாற்றிக் காட்டிவிடுகிறார்கள். அ என்ற எழுத்து இ ஆவதற்குள் எல்லாம் போய்விட்டது. அடுத்து, வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரவில் அப்பா முதலில், மலை பிறகு. இரண்டாம் இரவில் மலை முதலில், அப்பா கடைசியில். பாட்டு "எந்தையும் இலமே" என்று நின்றுவிடுகிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாததுபோல. அழுதோம், கண்ணீர் விட்டோம் என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடையாது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இது அழுகை. அந்தச் சொல்லே வராமல் அந்த உணர்ச்சி வருகிறது. நான் இந்தப் பாட்டை நடத்திய ஆண்டுகளில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து என்னிடம் சொன்னவைதான் இதில் பாதி.

இதில் சந்தேகத்துக்குரியவை எவை என்று அடுத்துக் கேட்க வேண்டும். "வென்றெறி முரசின் வேந்தர்" என்பதை ஒரு குத்தல் என்று பலர் விளக்குவார்கள். போரிட்டு வெல்ல முடியாமல் சூழ்ச்சியால் பாரியைக் கொன்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதே நூலில் 109ஆம் பாட்டில் கபிலர், படையெடுத்தால் இந்த மலை கிடைக்காது, யாழை மீட்டி ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போனால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று அந்த வேந்தர்களிடம் சொல்கிறார். அதோடு சேர்த்துப் படித்தால் குத்தல் என்பது பொருந்துகிறது. தனியாக இந்த ஐந்தடியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி நிறுவ முடியாது. அதேபோல அங்கவை, சங்கவை என்ற பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். அவை பிற்காலக் கதைகளில் வருபவை, சங்கப் பாடல்களில் இல்லை. பாட்டின் கீழே இருக்கும் திணை, துறைக் குறிப்புகளும் பாடியவர் எழுதியவை அல்ல, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தவை என்பதே பெரும்பாலானோர் கருத்து. கேட்போர் யார் என்று பாட்டில் குறிப்பே இல்லை. அப்படி இல்லாததையும் மாணவி கவனித்து எழுதலாம். யாரிடமும் சொல்லாமல், நிலவைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று ஒரு வருடம் ஒரு பையன் எழுதியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

பாடுபவர் வேறு, பாட்டில் பேசுபவர் வேறு என்பது பலருக்குப் பிடிபடாத இடம். அதற்குக் கபிலருடைய குறுந்தொகை 25ஆம் பாட்டை விடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று தொடங்கும். தலைவி தோழியிடம் சொல்கிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் இப்போது பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஒரு குருகும் (கொக்கு போன்ற நீர்ப்பறவை) இருந்தது, அவன் என்னை மணந்த அன்று. எழுதியவர் ஆண், புலவர், பாரியின் நண்பர். பேசுவது ஒரு இளம்பெண், பயந்துபோயிருப்பவள். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பாட்டே போய்விடும்.

உவமைக்கும் இதுவே பாடம். தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகள் சொல்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம். தினைத்தாளும் குருகின் காலும் மெல்லியவை, பசுமை கலந்தவை. ஆகவே வடிவமும் நிறமும் பொருந்துகின்றன. "உவமை அணி வந்துள்ளது" என்று எழுதி நிறுத்தாமல், எது எதோடு எந்த வகையில் ஒக்கிறது என்று அவள் எழுதினால் போதும். ஆனால் எனக்கு எப்போதும் பெரிய கேள்வி அந்தக் குருகு ஏன் வந்தது என்பதுதான். யாருமே இல்லை என்று சொல்லி முடித்தவள், கடைசியில் நினைவு வந்தவள் மாதிரிக் குருகைச் சொல்கிறாள். அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. அதுவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்மாய்க் கரையில் வளர்ந்த ஒரு பையன் வகுப்பில் எழுந்து, "கொக்கு மீனைப் பாக்கும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்பாது டீச்சர்" என்றான். எந்த உரையாசிரியரும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. குருகு மீனுக்குக் காத்திருப்பதைத் தலைவனுக்கு ஒப்பிட்டு உள்ளுறையாக, அதாவது மறைமுக உவமையாக, கொள்பவர்களும் உண்டு. கொள்ளலாம், கட்டாயம் இல்லை. உதவாத சாட்சி என்பதற்கு மட்டும் பாட்டுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது.

இப்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் மகளைக் குழப்பியிருப்பது இதுவாகவும் இருக்கலாம். கருப்பொருள் என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. இலக்கணப் பாடத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படிக்கிறாள். அங்கே முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ளவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகும். உரிப்பொருள் அங்கே நடக்கும் மனித உணர்வு. கதை, கவிதைத் திறனாய்வில் அதே கருப்பொருள் என்ற சொல்லை, படைப்பு எதைப் பற்றியது என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதாவது குறுந்தொகைப் பாட்டில் குருகும் தினையும் பழைய பொருளில் கருப்பொருள். ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சம் புதிய பொருளில் கருப்பொருள். இரண்டையும் கலந்து எழுதிய விடைத்தாள்களை நான் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன். திறனாய்வில் எழுதும்போது "மையக்கருத்து" என்று எழுதச் சொல்லுங்கள், குழப்பம் தீரும்.

முதல், கரு, உரி மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை நம் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்குவது எளிது. பொருள் தேடத் தலைவன் பிரிவது பாலை. பொருள்வயிற் பிரிவு என்று துறைப்பெயரே உண்டு. செட்டிநாட்டில் "கொண்டு விற்கப் போனாக" என்று சொல்வோமே, அதேதான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனார்கள். வீட்டில் பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஒரு வருடம் சொல்லியிருந்தேன். ஒரு பெண் தன் ஆச்சி சொன்னதை எழுதிக்கொண்டு வந்தாள். ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பச்சி (அப்பா) எப்போது வருவார் என்று கேட்டால், ஆத்தா (அம்மா) "மூணு மாவடுக்கு வந்துருவாக" என்று சொல்வாராம். ஒவ்வொரு வருடமும் மாவடு ஜாடியை மூடும்போது ஒன்று, ரெண்டு என்று எண்ணுவாராம். நான் அன்று பாடத்தை நிறுத்திவிட்டுத் திருக்குறள் 1261ஐப் பலகையில் எழுதினேன். "வாளற்றுப் புற்கென்ற கண்ணும் அவர்சென்ற நாளொற்றித் தேய்ந்த விரல்." அவர் போன நாட்களைச் சுவரில் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்துவிட்டது. உரிப்பொருள் இரண்டிலும் ஒன்றே, பிரிந்தவரை எண்ணிக்கொண்டிருப்பது. மாறியிருப்பது கருப்பொருள். அங்கே சுவரும் விரலும், இங்கே ஜாடியும் மாவடுவும். ஒரே உணர்வை வேறு பொருளால் காட்டுவதுதான் படைப்பு என்பதை அதன் பிறகு அந்த வகுப்புக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதைப்பின்னலையும் பாத்திரத்தையும் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சிலப்பதிகாரம் அவளுக்கு எப்படியும் பாடத்தில் வரும், அதை வைத்தே பார்த்துவிடலாம். சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்று படிக்கிற நமக்கு முன்பே தெரியும். பாண்டியனுக்குத் தெரியாது. யார் திருடினார் என்று நாம் தேடவில்லை, உண்மை எப்போது வெளிவரும் என்று பதைக்கிறோம். எந்தச் செய்தியை யாருக்கு எப்போது தெரிவிப்பது என்ற அந்த ஏற்பாடுதான் கதைப்பின்னல். நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்வது கதைச்சுருக்கம், அது வேறு. பாத்திரத்துக்கு வழக்குரை காதையில் ஓர் இடம். என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று கண்ணகி சொன்னதும் அரசன், "தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான், அதாவது எங்கள் சிலம்பில் இருப்பது முத்து. தன்மேல் குற்றம் சாட்டுபவளின் பேச்சை, சரியான நல்ல பேச்சு என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் தன் பக்கத்தைச் சொல்கிறான். அடுத்த சில வரிகளில் "யானோ அரசன், யானே கள்வன்" என்று விழுந்து இறப்பவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அந்த ஒரு பாராட்டே சான்று. "பாண்டியன் நீதி தவறியதை உணர்ந்து உயிர்விட்டவன்" என்று எழுதுவது எல்லோரும் எழுதுவது. அவன் வாயிலிருந்து வந்த எந்தச் சொல்லில் அது தெரிகிறது என்று காட்டினால் அது பாத்திரப்படைப்பைப் பற்றிய விடை.

ஓசையைப் பள்ளிகளில் ரொம்பவும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அசை பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம், வாய்விட்டுப் படிக்கச் சொல்வதில்லை. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. அதன் விழாவில் சிறுமியாக என் அப்பச்சியோடு பாயில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குப் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் சூர்ப்பணகை வரும் பாட்டு காதிலேயே தங்கிவிட்டது. "பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச் செஞ்செவிய கஞ்சநிகர் சீறடியள் ஆகி" என்று சதங்கை கட்டிய கால் மாதிரி நடந்து வரும். ஞ்ச, ஞ்ச என்று அதே ஒலி அடுத்தடுத்து விழும். மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று அழகானவற்றைச் சொல்லிக்கொண்டே வந்து, அதே ஓசையில், அதே வேகத்தில், "நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்" என்று முடிகிறது. வஞ்சியும் நஞ்சும் வஞ்சமும் ஒலியில் அடுத்தடுத்த வீடுகள். காது மயங்கியிருக்கிற நேரத்தில் நஞ்சு உள்ளே வந்துவிடுகிறது. இதைக் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் மகளை இந்த நான்கு வரியை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் பிறகு.

மையக்கருத்துதான் கடைசி. அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலிலேயே கேட்டால் பிள்ளைகள் ஒரு நீதியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நம் மகிபாலன்பட்டியைக் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று சொல்கிறோம். அவருடைய "யாதும் ஊரே யாவரும் கேளிர்" புறநானூற்றில் 192ஆம் பாட்டு. இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உலக ஒற்றுமை என்று எழுதுவார்கள். ஆனால் பாட்டு 13 அடி. ஒற்றுமை முதல் அடியோடு முடிந்துவிட்டது. தீதும் நன்றும் பிறர் தர வருவதில்லை என்று அடுத்த அடி போகிறது. பெரிய ஆற்றில் நீரோடு போகும் தெப்பம்போல உயிர் அதன் முறைப்படி போகும் என்று நடுவில் வருகிறது. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. மையக்கருத்து என்று எதை எழுதினாலும் அந்தத் தெப்பத்துக்கும் கடைசி இரண்டு அடிக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது முதல் வரியின் கருத்து, பாட்டின் கருத்து ஆகாது. சோதித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை: எழுதிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக, "நீ இதற்குள் வருகிறாயா?" என்று கேட்டுக்கொண்டே போவது.

இதற்கெல்லாம் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பொதுத்தேர்வில் வரையறையைக் கேட்டால் வரையறையைத்தான் எழுத வேண்டும். அவள் மனப்பாடம் செய்தது வீண் இல்லை, அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள். இப்படிப் படிக்கத் தொடங்கினால் மதிப்பெண் உடனே ஏறும் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் மாணவர்களில் சிலருக்கு ஒரு பருவம் பிடித்தது, சிலருக்கு இரண்டு வருடமும் போதவில்லை. நான் நடத்தியதில் பெரும்பகுதி செய்யுள். தற்கால நாவலையும் சிறுகதையையும் வாசகியாகப் படித்திருக்கிறேனே தவிர அந்த அளவுக்கு நடத்தியதில்லை. பேசுபவர், கேட்பவர், இடம், காலம் என்ற கேள்விகள் சிறுகதைக்கும் நன்றாக வேலை செய்கின்றன. நீளமான நாவலில் பேசுபவரே மாறிக்கொண்டிருப்பார், அங்கே இந்தக் கேள்விகளை அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் அதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

உங்களுக்குத் தமிழ் படிப்பு இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அதற்கு அவசியம் இல்லை. வாரத்துக்கு ஒரு பாட்டு, ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். அவள் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் கேள்விகளை மட்டும் கேளுங்கள். யார் சொல்றா? யார்கிட்ட? எங்க இருந்து? எப்போ? எதுக்கு? என்ன மனசுல இருக்கு? ஒவ்வொரு பதிலுக்கும் "எந்தச் சொல்லை வச்சுச் சொல்றே?" என்று கேளுங்கள். சொல்லைக் காட்டினால் அதை ஒரு பக்கம் எழுதட்டும். காட்ட முடியாவிட்டால் எதிர்ப் பக்கத்தில் ஊகம் என்று எழுதட்டும். நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். முதல் வாரத்துக்குப் புத்தகம்கூட வேண்டாம். உங்கள் வீட்டில் மாமியாரோ அம்மாவோ பாடும் தாலாட்டை அவள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அத்தைக்கு உங்கள் வீட்டுப் பாட்டில் என்ன பூ வருகிறது என்று பார்க்கட்டும். அரளி இல்லாமல் வேறு பூவாக இருந்தால், அது ஏன் வந்தது என்ற கேள்வியோடு அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் நிரப்ப ஆரம்பிக்கலாம்.